எடுத்த இடம் தெரியாத கற்கள்

1

எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு வருடமாக ஒரு வழிகாட்டிப் படம் ஒட்டியபடி இருக்கிறது. அரிசோனாவில், பாலைவனத்து நடுவே, கல்லாகிப்போன மரங்கள் கிடக்கிற பெரிய பூங்கா ஒன்று உண்டு. அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஆள் கிடையாது. வாசலில் இந்தப் படத்தைக் கையில் தருவார்கள். எங்கெங்கே காரை நிறுத்தலாம் என்று இலக்கமிட்டிருக்கும், மற்றதெல்லாம் நம் பாடு. சென்ற வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு நாங்கள் மூன்று பேரும் அதற்குள் காரோட்டிப் போய் வந்தோம். என் மனைவி ஜசிந்தா இதுவரை மூன்று தரம் அந்தப் படத்தைக் கழற்றிக் குப்பையில் போடப் பார்த்தாள். மூன்று தரமும் மகள் மெலனி எடுத்துத் திரும்ப ஒட்டிவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை. வாய் திறக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இந்தச் சஞ்சிகைக்கு முன்பு இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒன்று மொன்றியலில் பனி அள்ளுவது பற்றி. மற்றது, நான் கட்டில் தள்ளுகிற கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் பிரெஞ்சுக்காரக் கிழவர்களிடம் என் பிரெஞ்சு படுகிற பாடு பற்றி. இரண்டையும் வாசித்து விழுந்து விழுந்து சிரித்ததாக மன்னாரிலிருந்து கடிதங்கள் வந்தன. இதிலும் சிரிக்க ஓரிடம் இருக்கிறது. ஆனால் என் ஐயாவை அறிந்தவர்கள், கக்கத்தில் கடதாசிக் கோப்பு ஒன்றை இடுக்கிக்கொண்டு வவுனியா பஸ்சுக்காகக் காத்து நின்ற அந்த மனிதரைக் கண்டவர்கள், அந்த இடத்தில் சிரிக்கமாட்டீர்கள்.

2

எனக்கு ஒரு தம்பி. யூட். நான் கொழும்புக்கு வந்து வெளிநாட்டுக்கு ஏறிய அந்த மாதத்தில் காணாமல் போனான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. என்னை வழியனுப்ப வந்தவன். வவுனியாவில் சிநேகிதன் ஒருவனைப் பார்க்க வேண்டும் என்று பஸ்சால் இறங்கிப் போனான், அதற்குப் பிறகு காணவில்லை. இப்படித்தான் நான் கொழும்பிலிருந்து ரெலிபோனில் ஐயாவுக்குச் சொன்னேன். ஊரும் அப்படித்தான் அறியும்.

ஐயா வவுனியாவில் தட்டாத கதவு இல்லை. முகாம், பொலிஸ், ஆஸ்பத்திரி, பங்குத்தந்தையின் கடிதத்தோடு பெரிய இடங்கள் எல்லாம் ஏறி இறங்கினார். அங்கிருந்து அனுராதபுரம் வரைக்கும் போனார். மூன்று வருடம். பிறகு அவருடைய கால்கள் மறுத்துவிட்டன, அதன் பிறகு இருதயமும் மறுத்துவிட்டது. அம்மா அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டா. தொலைந்ததைக் கண்டு தருகிறவர் அவர்தானே. எனக்கு அன்ரனி என்று பெயர் வைத்ததும் அவருக்கு நேர்ந்து பெற்றதால்தான். சில நாட்களில் அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டால் கேளாதவன் மாதிரி நடந்துவிடுவேன்.

சமாதான காலத்தில் பாதைகள் திறந்தபோது ஸ்டெல்லா அக்கா எனக்கு ஒரு படிவம் அனுப்பினா. எங்கள் குடும்பத்தில் மூத்தவ அவதான், அம்மாவைப் பார்த்துக்கொண்டு மன்னாரில் இருக்கிறா. காணாமல் போனவர்களின் விபரத்தை எழுதிக் கொடுத்தால் இறந்தவராகக் கணக்கெடுத்து ஒரு சான்றிதழ் தருகிறார்களாம். அது வந்தால் யூட்டுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று அம்மா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டா. அதுவரை இறந்தவர்களின் பெயரை நவம்பர் மாதத்தில் எழுதிக் கோவிலில் கொடுக்கிறபோது யூட்டின் பெயரை எழுதக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. மன்னாரிலும் எழுதவில்லை, மொன்றியலில் எங்கள் பங்கில் நானும் எழுதவில்லை.

படிவத்தில் பத்துப் பன்னிரண்டு கேள்விகள். ஒன்றைத் தவிர எல்லாம் நிரப்பினேன். அந்த ஒன்று, கடைசியாகக் கண்டவர் யார், எந்த இடத்தில் கண்டார். கடைசியாகக் கண்டவன் நான். இடத்தைத்தான் எழுத முடியவில்லை. ஏனென்றால் வவுனியா என்று நான் சொன்னது பொய்.

படிவத்தில் சத்தியம் செய்து ஒப்பமிட, இங்கே ஒரு சத்தியக் கடதாசி முடிக்கிற அலுவலகத்துக்கு இரண்டு தரம் போனேன். முதல் தரம், தமிழில் இருக்கிறதைத் தான் ஒப்பமிட முடியாது, பிரெஞ்சில் மொழிபெயர்த்துக்கொண்டு வா என்று அங்கே இருந்த மனுசி அனுப்பிவிட்டா. எனக்கு அவ்வளவு சந்தோசம். இரண்டாம் தரம் மொழிபெயர்ப்போடு போனேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு கட்டம் வெறுமையாக இருக்கிறதே, இது தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள் என்றா. தெரியாது என்கிற அந்தச் சொல்லை அந்த இடத்தில் எழுத என் கை வரவில்லை. யோசித்துக்கொண்டு வாறன் என்று எழும்பி வந்துவிட்டேன். படிவம் என் கோட்டின் உள்பையில் ஏழு மாதம் இருந்தது.

3

அரிசோனாவுக்குப் போனது கல்மரம் பார்க்க அல்ல. ஜசிந்தாவின் தங்கை பீனிக்சில் இருக்கிறாள். அவளுடைய மகனுக்குப் புதுநன்மை, கோவிலில் முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாள். தங்கை குடும்பத்தின் முதல் கொண்டாட்டம், போகாவிட்டால் ஆயுசுக்கும் பேச்சு.

விமான நிலையத்தில் அமெரிக்க அதிகாரி எங்கள் கனேடியக் கடவுச்சீட்டுகளைப் புரட்டினார். மெலனி பிறந்த இடம் மொன்றியல், அவளுக்குச் சரி. எங்கள் இருவரின் பிறந்த இடத்தைக் கண்டதும் ஒரு தனி அறைக்குப் போகச் சொன்னார். இந்த நாட்களில் அது வழக்கம்தான். ஒரு மணி நேரம் இருந்தோம். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள், இராணுவப் பயிற்சி உண்டா, சகோதரர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒரு அக்கா மட்டும் என்றேன். ஜசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேந்து, வெளியே வந்து கேட்டபோது, இல்லாத தொல்லையை ஏன் விலைக்கு வாங்க வேண்டும் என்று சொல்லிச் சமாளித்தேன். அவளும் விட்டுவிட்டாள்.

கொண்டாட்டம் முடிந்து இரண்டு நாள் மிஞ்சியது. எல்லோரும் பெரிய பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகச் சொன்னார்கள். மெலனி மாத்திரம் கல்மரம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. கோடை விடுமுறையில் எங்கே போகலாம் என்று கேட்டால்கூடத் தோளைக் குலுக்குகிற பிள்ளை. எங்கள் தமிழ்க் கேள்விகளுக்குப் பிரெஞ்சில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டுக் காதுக்குள் பாட்டைச் செருகிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் வாய் திறந்து ஒன்றைக் கேட்டதே பெரிய காரியம் என்று தங்கையின் காரை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

4

வடக்கு வாசலில் தொப்பி போட்ட ஒரு மனிதர் படத்தைத் தந்து, கற்கள் ஏதாவது கொண்டு வருகிறீர்களா என்று கேட்டார். காட்டுக்குள் கல் கொண்டு போகிறவன் எவன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளிருந்து ஒரு துண்டும் எடுக்கக்கூடாது, வெளியே போகிறபோது மறித்துக் கேட்பார்கள் என்றும் சொன்னார். மறித்துக் கேட்பார்கள் என்று அவர் சொன்னதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

தெருவில் எங்களைத் தவிர ஆளில்லை. மெலனி முன் சீற்றில் என் பக்கத்தில் இருந்து இலக்கம் இலக்கமாக வாசித்து எனக்கு வழி சொன்னாள். முதலில் சிவப்பும் ஊதாவுமாக மண்மேடுகள். பிறகு தண்டவாளம் தாண்டி, வெட்டவெளி. நிழல் என்று சொல்ல ஒரு மரம் கிடையாது. எப்போதோ ஒருகாலத்தில் இது ஆறுகள் ஓடின பெருங்காடாக இருந்ததாம். ஜசிந்தா பின் சீற்றில் நித்திரை.

நடுவழியில் ஒரு நிறுத்தத்தில் இறங்கி நடந்தபோதுதான் மரங்களைக் கண்டேன். தரை முழுக்கக் குற்றி குற்றியாகக் கிடந்தன. வாளால் அறுத்த மாதிரித் துண்டுகள், ஒரே நீளம், வரிசையாக. பட்டை பட்டையாகவே இருந்தது. கணு கணுவாகவே இருந்தது. பங்கர் போடுவதற்குத் தறித்து உருட்டிவிட்ட பனங்குற்றிகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. குற்றியின் நிழல் விழுந்த பக்கத்தில் கையை வைத்தேன். வெயிலில் காய்ந்த மரத்தின் சூட்டை எதிர்பார்த்த கைக்குக் கல்லின் குளிர்ச்சி பட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் சிலவேளை கட்டில் தள்ளுகிறபோது போர்வைக்கு வெளியே தெரிகிற கால் அப்படித்தான் இருக்கும்.

மெலனி தானாகவே விளக்கம் சொன்னாள். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். மரம் விழுந்தவுடன் வெள்ளம் வந்து சேற்றால் மூடிவிட்டது. காற்றுப் படவில்லை. காற்றுப் படாவிட்டால் உக்காது. உக்காத மரத்துக்குள் தண்ணீர் ஊறி, மரம் இருந்த ஒவ்வொரு இடத்திலும் கல் வந்து இருந்துகொண்டது. வெளியே பார்த்தால் அதே மரம், உள்ளே மரம் என்று ஒன்றுமே மிச்சமில்லை. அவள் இவ்வளவு நீளமாகத் தமிழ் கதைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சந்தோசப்பட வேண்டிய தகப்பன், எங்கேயாவது குந்தியிருக்க வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லி அந்தக் குற்றியிலேயே இருந்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. என் கோட்டு மொன்றியலில் மாட்டிக் கிடந்தது, ஆனால் படிவம் என் நெஞ்சில் உரசியது.

5

தெற்கு வாசலுக்குக் கிட்ட ஒரு சிறிய காட்சிச்சாலை. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கடிதங்கள் வைத்திருந்தார்கள். பூங்காவிலிருந்து கல் களவெடுத்துப் போனவர்கள், பிறகு மனம் குத்தி, கல்லோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிய கடிதங்கள். மன்னிப்புக் கேட்கிறவை, கல் வீட்டுக்கு வந்த நாள்முதல் கெட்டகாலம் என்று அழுகிறவை, சின்னப்பிள்ளைகளின் கோணல் எழுத்தில் இரண்டு வரி. மெலனி ஒன்றுவிடாமல் வாசித்தாள்.

அங்கே நின்ற பணியாளரிடம், வந்த கற்களைத் திரும்பவும் காட்டில் வைப்பீர்களா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்று தெரியாமல் கண்டபாட்டுக்கு வைத்தால், பிறகு வந்து ஆராய்கிறவர்களுக்கு எல்லாமே பிழைத்துவிடும். அதனால் ஒரு ஒதுக்குப்புறத்தில் குவித்து வைக்கிறோம் என்றார். குவியல் வருடா வருடம் பெருகுகிறது. மனம் வருந்தி அனுப்புகிறார்கள், நல்லதுதான், ஆனால் எடுத்த இடத்தைச் சொல்லாவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

மெலனி எனக்கு இதைத் தமிழில் மாற்றிச் சொன்னாள். எனக்கு ஆங்கிலம் விளங்கும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னாள்.

மனம் வருந்துவதில் நான் ஆருக்கும் குறைந்தவன் அல்ல. மொன்றியலுக்கு வந்த முதல் வருடமே ஒரு கியூபெக் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன், எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில். தம்பி, சோதனைச்சாவடி, பொய் என்று சொன்னேன். தெருவில் பொலிஸ் மறித்ததற்குப் பொய் சொல்லியிருக்கிறேன் என்று விளங்கிக்கொண்டாரோ என்னவோ, மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்கு மேல் அழுதும் இருக்கிறேன். ஆனால் பதினைந்து பதினாறு வருடத்தில் அந்த இடத்தை ஒரு மனிதருக்கும் நான் சொன்னதில்லை.

6

இனித்தான் சிரிக்கிற இடம்.

தெற்கு வாசலில் தெருவுக்குக் குறுக்கே ஒரு சிறிய கூடு. முன்னால் நிறுத்தற் பலகை. உள்ளே இருந்த இளம்பெண், பச்சைச் சீருடையோடு, கையை உயர்த்தி மறித்தா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்தது ஒன்றையும் நான் யோசித்துச் செய்யவில்லை.

காரைக் கூட்டுக்குப் பத்து யார் தூரத்திலேயே நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். திறப்பைக் கழற்றிக் கூரையில் வைத்தேன். இறங்கி, கடவுச்சீட்டுகளை எடுத்து நெஞ்சு உயரத்தில் விரித்துப் பிடித்தபடி நடந்தேன். திரும்பிப் பார்க்காமல், அவசரப்படாமல், கைகள் தெரியும்படி. அந்தப் பெண்ணைத் தாண்டி இருபது அடி தள்ளிப் போய் நின்றேன். எனக்குப் பின்னால் ஜசிந்தாவும் நடந்து வந்தாள். நித்திரை முறியாத முகம். கைப்பை வாயை அகலத் திறந்து பிடித்திருந்தாள். அவளையும் ஒருவரும் இறங்கச் சொல்லவில்லை. இருவரும் அந்த வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், ஊர்ச் சாவடியில் வாகனம் சோதிக்கப்பட்டு வந்து ஏற்றும்வரை காத்து நிற்கிற பயணிகளாக.

அந்தப் பெண் கூட்டை விட்டு வெளியே வந்தா. பாவம், இப்படி ஒன்றை அவ கண்டிருக்கமாட்டா. கல் எடுத்தீர்களா என்று ஒரு சொல் கேட்டுவிட்டுக் கையசைத்து அனுப்புவதுதான் அவவின் வேலை. எங்களைப் பார்த்தா, காரைப் பார்த்தா. முன் சீற்றில் மெலனி வாயைப் பிளந்தபடி தனியே இருந்தாள். அந்தப் பெண் காரைச் சுட்டி, அந்தப் பிள்ளை உங்களோடு வந்தவளா என்று என்னிடம் கேட்டா.

"இல்லை. எனக்குத் தெரியாது," என்றேன் நான், ஆங்கிலத்தில், தெளிவாக.

காரின் கண்ணாடி இறக்கியிருந்தது. மெலனிக்குக் கேட்டது.

ஜசிந்தாதான் என் கையைப் பிடித்து உலுக்கினாள். அவள் எங்கள் மகள், எங்கள் மகள் என்று அந்தப் பெண்ணுக்கு இரண்டு தரம் சொன்னாள். அந்தப் பெண் எங்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் தந்து, வெயில் சிலபேருக்கு அப்படித்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பினா. கல் எடுத்தீர்களா என்று கேட்க மறந்துவிட்டா.

7

நெடுஞ்சாலையில் ஏறினோம். மெலனி பின் சீற்றுக்கு மாறியிருந்தாள். காதில் செருகியிருந்தாள், ஆனால் பாட்டு ஓடவில்லை. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தெருத் தெரியவில்லை. ஓரத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னேன். என் மனைவிக்கும் அன்றைக்குத்தான் முதல் தரம்.

மன்னாரிலிருந்து வவுனியா போகிற பாதையில் ஒரு இராணுவச் சாவடி, சென்ரி என்போம். மதகுக்குப் பக்கத்தில், தெருவோரம் ஒரு பெரிய பாலை மரம். எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடக்க விட்டார்கள். நான் முன்னுக்கு, யூட் நாலைந்து பேருக்குப் பின்னால். அட்டையைக் காட்டி நான் தாண்டிவிட்டேன். அவன் வந்தபோது, மூடிய வாகனம் ஒன்றுக்குள் முகத்தை மறைத்தபடி ஆட்களைக் காட்டிக்கொடுக்க இருந்த தலையாட்டி தலையை அசைத்துவிட்டான். யூட்டைப் பாலை மரத்துக்குக் கீழே நிறுத்தினார்கள். நான் இருபது அடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்தேன். திரும்பிப் பார்த்ததை ஒரு சிப்பாய் கண்டுவிட்டான். என்னைச் சுட்டி, அவன் உன்னோடு வந்தவனா என்று யூட்டைக் கேட்டான். யூட் என்னை நேரே பார்த்தான். இல்லை, தனியே வந்தேன், ஆளைத் தெரியாது என்றான். பிறகு சிப்பாய் என்னைக் கேட்டான். நானும் இல்லை, தெரியாது என்றேன். ஏறு என்றான். ஏறினேன். பஸ் எடுத்தது.

இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நீ என்ன செய்துகொண்டு நின்றாய் என்று ஐயா கேட்பாரே என்று பயந்தேன். அதனால் வவுனியாவில் இறங்கினான் என்று சொன்னேன். இரண்டு நாள் பத்து நாளாக, நான் விமானம் ஏறிவிட்டேன். அதன் பிறகு உண்மையைச் சொல்வது ஒவ்வொரு வருடமும் முந்தின வருடத்தைவிடக் கடினமாகிக்கொண்டு போனது.

ஜசிந்தா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மெலனி அழவில்லை. தன்னைத் தெரியாது என்று நான் சொன்னதற்காகச் சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. முதற்சொல், அப்படியென்றால் என்பது, பிரெஞ்சில் வந்தது.

"அலோர், அப்பம்மா இன்னும் பிழையான இடத்திலயா தேடுறா?"

பிரெஞ்சில் வளர்கிற பிள்ளைகளுக்கு எங்கள் கதை விளங்காது என்று நாங்கள் எத்தனை வீட்டில் கூடியிருந்து கதைக்கிறோம். ஓம் என்று சொல்லிக் காரை எடுத்தேன்.

மொன்றியலுக்கு வந்த அந்தக் கிழமையே அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். மெலனி பக்கத்தில் இருந்தாள். இதை நீயாகச் செய்யமாட்டாய் என்கிற பார்வை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அக்கா மெதுவாகச் சொன்னா.

"ஐயா ஒவ்வொரு முறையும் அந்த மதகாலைதானேடா போனவர். அந்தச் சென்ரியிலை இறங்கி நடந்துதானே போனவர்."

எனக்கு அது தெரியும். அது தெரிந்துதான் இத்தனை வருடமும் நித்திரை கெட்டேன். ஆனால் இன்னொருவர் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன்.

இதை அம்மாவிடம் தன்னால் சொல்ல முடியாது என்று அக்கா ரெலிபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டா. திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். யூட் என்ன சொன்னான் என்று அம்மா இரண்டு தரம் கேட்டா. தனியே வந்தேன் என்று சொன்னான் என்றேன்.

"அவன் உன்னை அவங்களிட்டை இருந்து மறைச்சான்," என்றா அம்மா. "நீ அவனை எங்களிட்டை இருந்து மறைச்சுப்போட்டாய்."

ரெலிபோனை வைத்துவிட்டா.

8

அடுத்த நாளே படிவத்தை நிரப்பி, அந்தச் சத்தியக் கடதாசி மனுசியின் முன்னால் ஒப்பமிட்டு அனுப்பினேன். மதகு, பாலை மரம், எல்லாம் எழுதினேன். வெறுமையாக இருந்த கட்டம் நிரம்பியதைப் பார்த்து அவ சந்தோசப்பட்டா. எங்கள் அலுவல் அவவுக்கு அதோடு முடிந்தது.

அம்மா அந்தக் கோடை முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பேன். கோவிலுக்குப் போய்விட்டா, குளிக்கிறா, படுத்துவிட்டா என்று அக்கா சொல்லுவா. பின்னால் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் எனக்குக் கேட்கும். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் கழுவினாவோ தெரியாது. வைத்துவிட்டு ஜான்-டலோன் சந்தைக்குப் போய், வேண்டியது வேண்டாதது எல்லாம் வாங்கிக்கொண்டு வருவேன். ஜசிந்தா ஒன்றும் கேட்காமல் எடுத்து அடுக்குவாள். நான் சொன்னது சரியா, இவ்வளவு பிந்திப்போய் ஒரு கிழவியின் தலையில் இதைப் போட்டேனா என்று யோசித்தபடி பல நாள் கட்டில் தள்ளினேன். இரண்டு தரம் நோயாளியை வேறு மாடிக்குக் கொண்டுபோய் விட்டேன்.

ஐப்பசி முடிகிற நாட்களில் ஒரு காலை, ஆறரை மணி இருக்கும், வேலைக்குப் போக பஸ்சுக்கு நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. அக்காவின் இலக்கம். எடுத்தேன். காற்றுச் சத்தம், தூரத்தில் ஒரு லொறி. பிறகு அம்மாவின் குரல். சுகம் கேட்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"எந்தப் பக்கம்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, பக்கத்தில் நின்ற ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதும் தெரியாமல் பஸ் தரிப்பிடத்தின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவும் அக்காவும் வவுனியா பஸ்சில் வந்து மதகடியில் இறங்கியிருக்கிறார்கள். சாவடி இப்போது இல்லையாம். தெருவோரத்து மரங்களையெல்லாம் எப்போதோ தறித்துவிட்டார்களாம். நான் பாலை மரம் என்று எழுதினேனே தவிர, தெருவின் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"மன்னாரிலை இருந்து வரேக்கை இடக்கைப் பக்கம், அம்மா. மதகு தாண்டினவுடனை."

"இஞ்சை ரெண்டு அடிக்கட்டை கிடக்கு."

"பெரியது, அம்மா."

கல்லில் செருப்பு உரசுகிற சத்தம் கேட்டது. ஐந்தாறு அடி. பிறகு அதுவும் நின்றது. என் பஸ் வந்து, கதவு திறந்து, சாரதி என்னைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். வெகுநேரத்துக்குப் பிறகு அக்காவின் குரல் வந்தது. அம்மா என்ன செய்கிறா என்று கேட்டேன்.

"கட்டையிலை கையை வைச்சுக்கொண்டு பக்கத்திலை இருக்கிறா," என்றா அக்கா. "நீ வை, அன்ரனி. அவ எழும்ப நேரம் செல்லும்."